வன்னியில் கடையும் ஷேவிங் பிரஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டான் பக்கம் சிறிய கடைசல் பட்டறை ஒன்று நடத்துகிறேன். கட்டில் கால், தொட்டில் கால், உலக்கை எல்லாம் கடையும் அதே இயந்திரத்தில் ஷேவிங் பிரஷுக்குப் பிடியும் கடைகிறேன். கட்டில் காலைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. பிரஷ் என்றதும் கேள்விகள் வந்துவிடுகின்றன, ஊரில் இருப்பவர்களிடமிருந்தும், தகப்பனுக்கோ மாமாவுக்கோ ஒன்று செய்து கொடுக்க நினைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்தும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பிரஷ் முழுவதையும் நீங்களே செய்கிறீர்களா?

இல்லை. பிடி என் வேலை. மயிர்க்கற்றை கட்டியபடியே வருகிறது, அதை வாங்கிப் பொருத்துகிறேன். கற்றை கட்டுவது தனித்தொழில். நல்ல கற்றையில் மயிரின் நுனியைக் கத்தரிப்பதே கிடையாது. நுனி கீழே பார்க்க, குழிந்த அச்சு ஒன்றுக்குள் மயிரைத் தட்டி இறக்குவார்கள். அந்தக் குழியின் வடிவம்தான் கற்றையின் தலைக்கு வரும். பிறகு அடிப்பக்கத்தை நூலால் இறுக்கிக் கட்டி, பசை ஊற்றி, அடியை மட்டும் வெட்டுவார்கள். இயற்கையான நுனி மெலிந்து முடிவதால்தான் கன்னத்தில் மெதுவாக இருக்கிறது. வெட்டிய நுனி குத்தும்.

எந்த மரத்தில் செய்வது நல்லது?

வன்னியில் இதற்கு மரப்பஞ்சம் இல்லை. நான் அதிகம் எடுப்பது முதிரை. மஞ்சள் நிறம், நெருக்கமான ரேகை, வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே அலை ஓடுகிற மினுக்கம். கூரான உளி பட்டால் சீவல் நாடாவாகக் கழன்று வரும், சாண்ட் பேப்பர் போடும் முன்னரே மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். ஒரு கெட்ட குணமும் உண்டு. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். கடைகிறவர் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட வேண்டும். பூச்சு ஏறிக் காய்ந்த பிடியில் தூள் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் தோல் மிகவும் கூருணர்ச்சி உள்ளவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு மரம் எடுக்கலாம்.

பாலை இன்னும் பாரம், கருஞ்சிவப்பு. உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும், காயும்போது வெடிக்கவும் பார்க்கும். ஆனால் நன்றாகக் காய்ந்த பாலைக் கட்டை கிடைத்தால் அதைவிட உறுதியான பிடி இல்லை. புளியின் நடுவைரம் கறுப்பும் ஊதாவும் கலந்து வரும், வெள்ளைப் பகுதியைப் பூச்சி அரித்துவிடும் என்பதால் வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். தேக்கு பரவாயில்லை. அடிக்கடி பயணம் போகிறவர் பாரம் குறைந்த பிடி கேட்டால் அதைக் கொடுப்பேன்.

வேம்பைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அளவான பாரம், சிவந்த நிறம், நாள் போகப்போக இன்னும் வடிவாகும். ஒவ்வொரு வளவிலும் நிற்கிறது என்பதாலேயே மதிப்புக் குறைந்துவிட்டது. தினசரிப் பாவனைக்கு என்னிடம் யோசனை கேட்டால் முதலில் வேம்பைத்தான் சொல்வேன்.

பிரஷுக்காக நான் மரம் தறிப்பதில்லை. ஒரு பிடிக்கு 5 செ.மீ. சதுரத்தில் 8 செ.மீ. நீளத் துண்டு போதும். கதவு நிலை செய்யும்போது மிஞ்சுவது, மரக்காலையில் ஓரம் கட்டியது, பழைய வீடு பிரித்த வளைக்கட்டை, இவை எல்லாம் விறகாகப் போகும் முன் எனக்கு வந்தால் சரி. பழைய வீட்டு மரம் என்றால் இரட்டிப்பு மகிழ்ச்சி. அது கூரைக்குக் கீழேயே முழுதாகக் காய்ந்து ஆறிப்போயிருக்கும்.

எங்கள் வளவில் நின்ற மரத்தில் செய்து தருவீர்களா?

தருவேன். இப்படிக் கேட்டு வருகிற வேலையைத்தான் அதிகம் விரும்பிச் செய்கிறேன். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, மரம் காய்ந்திருப்பது. பச்சை மரத்தில் பிடி கடைந்தால் மயிர் பொருத்தும் துளை நீள்வட்டமாகிவிடும், பிறகு வெடிக்கும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. வெட்டிய இரண்டு முனைகளுக்கும் மெழுகு பூசி, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். சோளகக் காற்று நேரே அடிக்கும் இடத்தில் வைத்தால் வெளிப்பக்கம் மட்டும் சடுதியாகக் காய்ந்து பிளந்துவிடும்.

இரண்டு, இரும்பு. 2009 இறுதிப்போரில் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் நின்ற மரங்கள் மனிதர்களோடு சேர்ந்தே அடி வாங்கியவை. சன்னமும் செல் சிதறலும் உள்ளே போய், மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டிப் பார்த்தால் ரேகையோடு நீளமாக நீலக்கறுப்புக் கறை ஓடும், இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது. அந்தக் கறை கண்ட இடத்தில் உளி வைக்கமாட்டேன். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் கட்டையில் உளி இரும்பில் தட்டினால் கூர் போவது சின்னப் பிரச்சினை, துண்டு முகத்துக்குப் பறக்கும். ஆகவே எங்கிருந்து வரும் கட்டையாக இருந்தாலும் முதலில் உலோகம் காட்டும் கைக்கருவியால் தடவிப் பார்க்கிறேன். உள்ளே இருப்பது சிறு சிதறலைவிடப் பெரிதாகத் தெரிந்தால் நீங்களும் கை வைக்க வேண்டாம், பொலிசுக்கு அறிவியுங்கள்.

ஒருவர் திரும்பக் குடியேறிய வளவில் பட்டுப்போன வேம்பு ஒன்றின் கட்டையைக் கொண்டுவந்தார். கருவி கத்தியது. வாளால் அறுத்துப் பிரித்தபோது நகத்தளவு இரும்பு, சுற்றிலும் கறுத்த வளையம். பிரஷை மறுபக்கத்துச் சுத்தமான மரத்தில் கடைந்தேன். இரும்பு இருந்த துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மூன்று, சட்டம். முதிரை, கருங்காலி போன்றவற்றைக் காட்டில் தறித்துக் கொண்டுவந்தால் வாங்கமாட்டேன். சொந்தக் காணி மரமாக இருந்தாலும் தறிக்கவும் ஏற்றிப்போகவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும் வகைகள் உண்டு. பிரதேச செயலகத்திலோ வனவளத் திணைக்களத்திலோ முதலில் கேளுங்கள். யானைத் தந்தம், மான் கொம்பு பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) போட்ட ரயில் சிலிப்பர்க் கட்டை இருக்கிறது. அதில் ஒரு பிடி?

மாட்டேன். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் அதைத் தாங்கிக் கிடந்த சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குள் போன கதை எல்லோருக்கும் தெரியும். அதை நினைவுப்பொருளாக வைத்திருக்க ஆசைப்படுவதும் விளங்குகிறது. ஆனால் சிலிப்பர்க் கட்டை உக்காமல் இருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊட்டும் வழக்கம் உண்டு. தோலுக்கும் உடம்புக்கும் கூடாத சாமான் அது. எந்தக் கட்டைக்கு ஊட்டினார்கள், எதற்கு ஊட்டவில்லை என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியாது. வெந்நீரில் நனைந்து, தினமும் கையிலும் முகத்திலும் படும் பொருளுக்கு அது வேண்டாம். தவிர, அது ரயில்வே திணைக்களத்தின் சொத்து. பழைய வீட்டின் கதவுநிலைத் துண்டு ஏதாவது மிஞ்சியிருந்தால் அதைக் கொண்டுவாருங்கள்.

பனையில் செய்ய முடியாதா?

முடியும், பார்க்கவும் மிக வடிவு. கறுப்பு நார்கள் கபில நிறத்தில் கோடுகோடாக ஓடும், குறுக்கே வெட்டிய முகத்தில் அதே நார்கள் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் கடைவது பெரும் பாடு. வைரம் பாய்ந்த வெளிவளையம் மட்டும்தான் உதவும், உள்ளே இருக்கும் சோற்றி பஞ்சாக உதிரும். வைரத்திலும் நாருக்கும் நாருக்கும் இடையில் இருப்பது மெதுவான சதை. உளி சரியாக வெட்டாவிட்டால் நார் ஊசிபோலக் கிளம்பிக் கைக்குள் ஏறும். மெல்லிய சுப்பர் குளூவை ஊறவிட்டு, காயவிட்டு, கொஞ்சம் கடைந்து, மறுபடி ஊறவிட்டு என்றுதான் போக வேண்டும். அதனால் விலை கூடும். பெண் பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதால் பழைய கூரைச் சலாகையில் மட்டுமே செய்கிறேன்.

பன்றி, பேட்ஜர், செயற்கை: எந்த மயிர்?

பன்றி மயிர் தடிப்பு, முறுக்கு அதிகம். புதிதில் முரடாக இருக்கும். சவரத்துக்கு முன் சில நிமிடம் தண்ணீரில் ஊற வேண்டும். பாவிக்கப் பாவிக்க நுனிகள் இரண்டு மூன்றாகப் பிரிந்து மெதுவாகும். பொறுமையாகப் பழக்கி எடுத்தால் கட்டிச் சவர்க்காரத்துக்கு அருமையான பிரஷ்.

பேட்ஜர் என்பது நம் நாட்டில் இல்லாத, நிலத்தில் வளை தோண்டி வாழும் விலங்கு. பிரஷுக்கான மயிர் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். தரத்துக்கு ஏற்ப விலை ஏறிக்கொண்டே போகும், நுனி வெள்ளையாக இருப்பது மேல்தரம். முதல் சில நாட்கள் விலங்கு வாடை வரும். சவர்க்கார நுரையில் ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும்.

செயற்கை இழை முன்பு தும்புக்கட்டை மாதிரித்தான் இருந்தது. இப்போது வருபவை வேறு ரகம். நுனி மிக மெலிவு, நுரை சீக்கிரம் எழும், ஊறவைக்கத் தேவையில்லை, சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இதில் நான் கண்டிப்பாகக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: யாருக்கு இந்தப் பிரஷ்? மன்னாரிலோ முல்லைத்தீவிலோ உள்ள முஸ்லிம் நண்பருக்குப் பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பன்றி மயிர் கூடாது. சுத்த சைவமாக இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு எந்த விலங்கு மயிரும் விருப்பமில்லை. வாங்குகிறவர் விலையையும் நிறத்தையும் பார்த்துத் தெரிவுசெய்கிறார், பாவிக்கப்போகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. சந்தேகம் இருந்தால் செயற்கை இழையைச் சொல்லுங்கள், எல்லோருக்கும் பொருந்தும். என்ன மயிர் என்பதைப் பெட்டியில் தமிழில் எழுதியே அனுப்புகிறேன்.

உள்ளூர்க் காட்டுப்பன்றி மயிர், ஆட்டு மயிர், பனந்தும்பு?

பனந்தும்பு பிரஷ் செய்யத்தான் காலங்காலமாக ஏற்றுமதியானது, ஆனால் அது தெருவும் தொழிற்சாலையும் கூட்டும் பிரஷ். முகத்துக்கு ஆகாது, தண்ணீரும் நிற்காது.

விலங்கு மயிர் விஷயத்தில் விளையாட வேண்டாம். முதலாம் உலகப்போர்க் காலத்தில் பேட்ஜர் மயிர் தட்டுப்பாடாகி, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத குதிரை மயிரில் செய்த மலிவு பிரஷ்கள் சந்தைக்கு வந்தன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்களும் பொதுமக்களும் அந்த பிரஷால் சவரம் செய்து, அந்திராக்ஸ் எனும் அடைப்பான் நோய் கண்டு இறந்தார்கள். 1920இல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே பிரிட்டன் தடைசெய்தது. அந்தக் கிருமியின் வித்து சும்மா சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சாகாது, சவரத்தில் வரும் சிறு கீறல் அதற்கு வாசல். முறையாகப் பதப்படுத்திய கற்றையை மட்டும்தான் பொருத்துவேன். வேட்டைக்குப் போனவர் கொண்டுவந்த மயிரைக் கட்டித் தரச்சொல்லிக் கேட்காதீர்கள்.

என்ன அளவு எடுப்பது?

கற்றையின் அடி விட்டம் 24 மி.மீ. என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சரி. சின்ன முகம், மீசை தாடி ஓரம் மட்டும் என்றால் 20 அல்லது 22. 28 கண்ணுக்கு அழகு, ஆனால் மூக்குக்குள்ளும் நுரை போகும்.

விட்டத்தைவிட முக்கியமானது, பிடிக்கு மேலே மயிர் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பது. ஒரு கற்றை அடியோடு சேர்த்து 66 மி.மீ. என்று வையுங்கள். 13 மி.மீ. ஆழத்தில் துளை போட்டால் 53 வெளியே நிற்கும், பேட்ஜருக்கு அது நல்ல அளவு. துளையை இன்னும் 3 மி.மீ. ஆழமாக்கினால் பிரஷ் விறைப்பாகும், குறைத்தால் தொய்யும். முகத்தில் வட்டமாகத் தேய்க்கிற பழக்கமா, வண்ணம் பூசுவதுபோல மேலும் கீழும் இழுக்கிற பழக்கமா என்று நான் கேட்பது இதற்காகத்தான். தேய்க்கிறவருக்கு விறைப்பு வேண்டும். அதற்காக மயிரையே துளைக்குள் புதைக்கும் அளவுக்கு ஆழம் போகக்கூடாது. கற்றை விரிய முடியாமல் நடுவில் கட்டியாக நிற்கும்.

பிடியை எப்படிக் கடைகிறீர்கள்?

துளைதான் முதல், வடிவம் பிறகு. கட்டையை இரண்டு முனையிலும் பிடித்து உருளையாக்கி, ஒரு முனையில் சக் (கட்டையைக் கவ்விச் சுழற்றும் இயந்திரப் பாகம்) கவ்வுவதற்குக் குமிழ் விட்டு, சக்கில் மாட்டுகிறேன். முகத்தைத் தட்டையாக்கியதும் கற்றையின் அடியை வேணியரால் அளந்து, அதைவிட அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. கூடுதலான அலகால் துளைக்கிறேன். இங்கே வேகம் கூடாது. பாலையில் அவசரப்பட்டால் துளை சூடாகி, முடிமெல்லிய வெடிப்பு விழும். அது அன்றைக்குத் தெரியாது, மாரி வந்ததும் தெரியும். அடிக்கடி அலகை வெளியே எடுத்துத் தூளைக் கொட்டவேண்டும்.

துளை நடுவில் விழுந்துவிட்டால் வெளி வடிவம் தானாக அதைச் சுற்றி அமையும். இடுப்பு ஒடுங்கி, அடி விரிந்த வடிவத்தைத்தான் அதிகம் கடைகிறேன். ஈரக்கை, சவர்க்காரக்கை, வழுக்கும். ஒடுங்கிய இடத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் பூட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு முன் அழகாக நிற்கும் நேரான தூண் வடிவம் கேட்டு வந்தவர்களுக்கு, இரண்டையும் கையை நனைத்துப் பிடித்துப் பார்க்கக் கொடுப்பேன். பெரும்பாலும் மனம் மாறிவிடும்.

120இல் தொடங்கி 600 வரை சாண்ட் பேப்பர், பூச்சு, பிறகு சக்கிலிருந்து அறுத்தெடுத்து, துளையை ஒரு மர முளையில் செருகித் திருப்பி மாட்டி அடியை முடிக்கிறேன். கடைசியாக அரல்டைட் போன்ற இரண்டு கலவைப் பசையால் கற்றையை ஒட்டி, 24 மணி நேரம் தொடாமல் வைக்கிறேன்.

மரப்பிடி தண்ணீரில் பழுதாகாதா?

பழுதாகிற பிடி வெளியே இருந்து பழுதாவதில்லை, துளைக்குள் இருந்துதான் தொடங்குகிறது. வெளியே பளபளவென்று பூசிவிட்டு உள்ளே வெறும் மரத்தை விட்டால், கற்றையின் வழியே இறங்கும் தண்ணீர் அங்கே தங்கி, மரம் பருத்து, ஒருநாள் வாய்ப்பகுதி வெடிக்கும். ஆகவே துளையின் சுவருக்கும் அடிக்கும் முதலில் பசையை மெல்லியதாகப் பூசிக் காயவிடுகிறேன். அதன் பிறகே ஒட்டும் பசை.

வெளிப்பூச்சுக்கு பொலியூரிதேன் வார்னிஷைத் துணியால் மெல்லிய படையாகப் பலமுறை கொடுக்கிறேன். பிரெஞ்சு பொலிஷ் போடச் சொல்லிக் கேட்பார்கள். தளபாடத்துக்கு அதைவிட அழகு இல்லை, ஆனால் அது அரக்கு. சவர்க்காரத்தின் காரமும் வெந்நீரும் பட்டால் இளகிவிடும்.

நுரை வருவதே இல்லை. பிரஷ் பிழையா?

முதலில் உங்கள் கிணற்றைப் பாருங்கள். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் கடினநீர். அதில் இருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரைக்குப் பதிலாக வெள்ளைக் கசடாகிவிடும். கேத்தலுக்குள் சுண்ணாம்புப் படை பிடிக்கிற வீடு என்றால் இதுதான் காரணம். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் ஒரு கோப்பை எடுத்து முயற்சி செய்து பாருங்கள், அதே பிரஷ், அதே சவர்க்காரம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த தண்ணீரும் ஓரளவு உதவும். மயிரில் படிந்த கசடுக்கு, வினாகிரி கொஞ்சம் கலந்த தண்ணீரில் எப்போதாவது சில நிமிடம் கற்றையை மட்டும் நனைத்துக் கழுவுங்கள்.

அது இல்லை என்றால், தண்ணீர் அதிகம் வைத்துத் தொடங்குகிறீர்கள். நனைத்த பிரஷை உதறிவிட்டு, சவர்க்காரத்தில் அரை நிமிடம் சுழற்றி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள்.

மயிர் கொட்டுகிறது.

முதல் இரண்டு வாரம் ஒன்றிரண்டு கொட்டுவது வழமை. பிறகும் நிற்கவில்லை என்றால் கற்றை பிழை, மாற்றித் தருவேன். கற்றை முழுதாகக் கழன்று வந்தால் பசை பிடிக்கவில்லை, அதுவும் என் பொறுப்பு.

எப்படிப் பராமரிப்பது?

கழுவி, உதறி, துவாயில் மெதுவாக ஒற்றி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். நிறுத்தி வைத்தாலும் தொங்கவிட்டாலும் ஒன்றுதான். ஈரத்தோடு பெட்டிக்குள் மூடுவதுதான் கூடாது, மாரி காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பிடியோடு சேர்த்துக் கோப்பைத் தண்ணீரில் ஊறவிடவேண்டாம்.

அப்பாவின் பழைய பிரஷ் இருக்கிறது, மயிர் போய்விட்டது. திருத்தலாமா?

திருத்தலாம். மிஞ்சிய மயிரை ஒட்ட வெட்டி, அடியில் இருக்கும் பழைய பசையைச் சிறிய அலகால் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்தெடுத்து, புது அடி அமைத்துக் கற்றை பொருத்துவேன். வீட்டில் நீங்களே ஆவி பிடித்துக் கழற்றப் பார்க்காதீர்கள். பழைய பிடிகளில் செலுலொயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கும் உண்டு, சூட்டில் நெளியும், எளிதில் தீப்பற்றும். பிடியில் உள்ள கீறலையும் நிறம் மங்கிய இடத்தையும் நீங்கள் சொன்னால் ஒழிய நான் தேய்க்கமாட்டேன். விரல் பட்டுத் தேய்ந்த பள்ளம் இருந்தால் அதை அப்படியே விடத்தான் எனக்கும் விருப்பம்.

சலூனுக்கு மொத்தமாகச் செய்து தருவீர்களா?

தருவேன், ஆனால் சலூனுக்குச் செயற்கை இழை மட்டும். பல பேரின் முகத்தில் படும் பிரஷை ஒவ்வொருவருக்குப் பிறகும் கழுவிக் கிருமிநாசினியில் போட வேண்டும். விலங்கு மயிர் அதைத் தாங்காது, மரப்பிடியும் நாளுக்குப் பலதடவை நனைவதைத் தாங்காது. பிடி கட்டாயம் மரம்தான் என்றால், மாற்றி மாற்றிப் பாவிக்க ஆறு ஏழாவது வைத்திருங்கள்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

காய்ந்த கட்டை கையில் இருந்தால் கடைவது ஒரு நாள் வேலை. பூச்சு காய்வதற்குத்தான் நாள் போகும், கோடையில் ஒரு வாரம், மாரியில் அதன் இரட்டிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் ஓர்டர் தருகிறவர்கள் தைப்பொங்கலுக்கு என்று கேளுங்கள், தீபாவளிக்கு என்று கேட்டால் என்னால் முடியாது. மயிர் என்ன, விட்டம் என்ன, தேய்க்கிறவரா பூசுகிறவரா, கட்டை உங்களுடையதா என்னுடையதா என்ற நான்கையும் சேர்த்துச் சொன்னால் மறுபடி கேட்க வேண்டியிராது.